மூச்சைக் கவனிக்கவும்

நல்ல பாட்டுக்கு முதல் எதிரி மின்விசிறி, சார். அதை நிறுத்தியது குற்றம் என்றால் பாட்டுப் பதிவு செய்கிற அத்தனை பேரையும் நீங்கள் வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும்.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். நான் மெட்டுப் போடுகிறவன். சொந்தக்காரர்கள் என்னைத் தண்டச்சோறு என்பார்கள். அவர்கள் யாரும் எனக்கு ஒருவேளைச் சோறு போட்டதில்லை. தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. ஆனாலும் என் மெட்டுக்கு அவள் குரல்தான் சரி.

பாட்டு நிறுவனத்துக்கு ஒரு பாட்டை அனுப்பினோம். அங்கிருக்கும் தேர்வாளர், "பாடகியைவிட அறைதான் அதிகம் கேட்கிறது" என்று பதில் எழுதினார். சரி என்று ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்தேன். பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்தி, பரணில் கிடந்த கம்பளத்தைக் கதவில் ஆணி வைத்து அறைந்தேன். தூசி பறந்ததில் தங்கை இருமினாள். இருமல் நிற்கும்வரை நான் பொறுமையாகக் காத்திருந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாடி முடித்ததும், அவள் மூச்சு இழுத்த இடங்களையெல்லாம் கணினியில் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.

இரண்டாவது பதில் வந்தது. "அறை போய்விட்டது. பாடகியும் போய்விட்டார். மூச்சைக் கவனிக்கவும்."

இதிலிருந்து ஒருவன் என்னத்தைப் புரிந்துகொள்வது? தங்கையிடம் காட்டினேன்.

"மூச்ச வெட்டாதன்னு சொல்றாருண்ணா. ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்" என்றாள் தங்கை.

அவர் எழுதியது எனக்கே புரியவில்லை என்று அவரிடமே போய்ச் சொல்வதா? அதைவிடத் தலைகுனிவு உண்டா? வெட்டிய இடம் காதில் உறுத்துகிறது, அதைத்தான் சொல்கிறார் என்று நான் முடிவு செய்தேன். அப்படியென்றால் வெட்டவே தேவையில்லாமல் பாட வேண்டும். மூச்சைச் சத்தமில்லாமல், கொஞ்சமாக எடுத்தால் போதும்.

இன்ஹேலரை வெளியே வைக்கச் சொன்னது அதற்காகத்தான். பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும், புஸ்ஸென்ற சத்தமும் பதிவாகும். "தாழ்ப்பாள் மட்டும் போடாதண்ணா, பயமா இருக்கு" என்றாள். வெறுமனே சாத்தினால் அந்தக் கதவு அதிரும். அதனால் வெளியிலிருந்து போட்டுவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

நீங்கள் விசாரித்தபோது, அந்த மூச்சுதான் தனக்குப் பிடித்திருந்தது என்று தேர்வாளர் சொன்னாராம். இருக்கட்டுமே. அதை அன்றைக்கே எழுதித் தொலைத்திருக்கலாம். நாலு வார்த்தை கூட எழுதக் கை வலிக்கிற மனுஷனை வீட்டில் விட்டுவிட்டு, சொன்னபடி செய்தவனை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். கூடப் பிறந்தவள் போனது எனக்கு வலிக்காதா? வலிக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். போய் அந்தப் பதிவைக் கேளுங்கள். அவள் அப்படி ஒருநாளும் பாடியதில்லை.

அவள் கதவைத் தட்டியது கேட்கவில்லை என்று முதலில் சொன்னேன். அது பொய். ஹெட்ஃபோனில் எல்லாமே கேட்கும். இரண்டு சரணம் அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. தட்டல் அதற்கப்புறம்தான். மூன்றாவது சரணத்துக்கு மைக் பக்கம் திரும்பிவிடுவாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டல் நின்றது. அதன் பிறகு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

முதலில் அந்தத் தட்டல்களை வெட்டினேன். பிறகுதான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.