அடையாறு ஃபிளாட்டும் ஃபாரின் செடியும்

ஹலோ... ஹலோ! கே.கே. நகரா? மாப்ளயா பேசுதது? ... நான்தான்வே, அய்யாதுரை. அடையாறு ஃபிளாட்டுல இருந்து பேசுதேன். ... ஆமா, ஆமா, இங்கன போன் வந்துட்டு. மூணு நாளாச்சு. ... அந்தக் கதைய அப்புறம் பேசுவோம். காலையில உம்ம புதுக் கட்டடம் வழியா கார்ல வந்தேன். வாசல்ல என்னவே அது?

... என்னது, தோட்டமா?

அதுக்குப் பேரு தோட்டமாவே! டிரைவர் சொல்லுதான், நொச்சியாம், ஆவாரமாம், பூவரசாம். திருச்செந்தூர் ரோட்டுல ஆடுகூட அதைத் திரும்பிப் பாக்காதாம். பாண்டி பஜார்ல ரெண்டு துணிக்கடை வச்சிருக்க அய்யாதுரைக்குத் தங்கச்சி புருசன், கடைக் கட்டடம் கட்டி, வாசல்ல நொச்சியை நட்டு வச்சிருக்காரு. வெளங்கும்!

... தண்ணி கேக்காதா? சும்மா கெடந்தாலும் வளருமா? கள்ளிகூடத்தான் சும்மா கெடந்தா வளரும். அதையும் நடும்.

... நிழலா? யாருக்குவே நிழலு? ரிக்‌ஷாக்காரன் படுத்துத் தூங்கவா?

இரும், நான் பேசி முடிச்சிருதேன். நாலு மணிக்குப் பெயிண்ட் கம்பெனி மேனேஜர் வாராரு. பம்பாய்க்காரர். அவங்க ஆபீசர்மாருக்கு என் ஃபிளாட்டு பதினாறையும் மொத்தமா வாடகைக்குக் கேக்காரு. ... ஆமா, பதினாறும். இங்க பாத்துட்டு நேரா உம்ம கட்டடத்துக்கு வருவாரு, குடோனுக்கு இடம் பாக்க. ரெண்டும் ஒரே குடும்பம்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன். உம்ம காட்டைப் பாத்தா என்னையும் பட்டிக்காட்டான்னு நெனச்சு இந்த ஃபிளாட்டையும் வேண்டாம்னுருவான்.

என் தோட்டத்தை வந்து பாரும். அத்தனையும் ஃபாரின்! ... சிதம்பரநாதன்னு ஒருத்தரு. காலேஜ்ல பாட்டனி வாத்தியாரா இருந்து ரிடயராகி, ஆழ்வார்பேட்டையில நர்சரி வச்சிருக்காரு. அவரும் முதல்ல உம்மள மாதிரிதான். கடல் காத்துக்கு நம்ம மண்ணுச் செடிதான் நிக்கும்னு பாடம் எடுத்தாரு. போம்யா வெளியேன்னுட்டேன். அடுத்த வாரமே மனுசன் வழிக்கு வந்துட்டாரு. ஒரு வண்டி நெறைய செடி! ஒவ்வொண்ணுக்கும் பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, இங்கிலீஷ்ல பேரு.

... நான் எதுக்குக் கிட்டப் போயிப் பாக்கணும்? வேர் பிடிக்க வரைக்கும் யாரும் வரப்படாதுன்னு கயிறு கட்டி விட்டிருக்காரு. பன்னெண்டு வயசுல கடை ஏறுனவன்வே நான். எனக்குத் துணி தெரியும், செடி தெரியாது. பலகை இங்க ஜன்னல்ல இருந்தே தெரியுது. வாசிக்கேன், கேளும். வை...டெக்ஸ்... நெகுண்டோ! தெஸ்...பீசியா... பாப்புல்னியா! உம்ம வாயில நுழையுமா?

... பேர வச்சு நாக்கு வழிக்கவா? என் கடையில பத்து வருசம் நின்னு இதான் படிச்சீரா? நம்ம நைலக்ஸ் சேலை எங்கேருந்து வருது? சூரத்துல இருந்து. கரையில ஜப்பான்னு அச்சு குத்துனாத்தான மாம்பலத்துக்காரி கையில எடுக்கா! ஜனம் அச்சத்தான்வே வாங்குது.

அதனால நாலு மணிக்குள்ள அந்தக் குப்பையை வேரோட பிடுங்கி... இரும், இரும்.

ஏ முனியம்மா! கயித்துக்குள்ள என்ன பண்ணுத? ... அடப்பாவி, ஒடிக்காளே! ... உம்மள இல்ல மாப்ளே, இங்க வாச்மேன் பொண்டாட்டி. ஃபாரின் செடியை முறிக்கா, மூதி. ... ஏ, அதை எடுத்துட்டு இங்க வா! என்னத்துக்கு ஒடிச்ச? ... சளியா? ஆவி பிடிக்கவா? வைடெக்ஸ்ல ஆவி பிடிக்கியளோ மகாராணி! ... என்ன எலை?

... நொச்சியா? திருப்பிச் சொல்லு.

... குடு. இங்க குடு.

...

... நாசமாப் போச்சு.

... இல்லவே, உம்மளச் சொல்லல. லைன்லதான் இருக்கேன். ... நான் எதையும் மோந்து பாக்கல. மூக்கு அடைச்சிருக்கு. ஆமா, சளி. ஒரு நிமிசம் இரும்.

முனியம்மா, இங்க வா. அந்தா, வட்ட எலையா நிக்குதே, அது... பூவரசா? மெதுவாச் சொல்லு! ... அந்த மஞ்சப்பூ? ... ஆவாரமா. சரி. நாலு மணி வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது. ... ஒடிச்சுக்கோ தாயி, இன்னும் ரெண்டு கொத்து ஒடிச்சுக்கோ. போ.

ஹலோ மாப்ளே... ஒண்ணுமில்ல. என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ... ஆங், பிடுங்குறது. அதுக்கு இப்ப என்ன அவசரம்? ... என்னது, ஆள் இறங்கியாச்சா? கடப்பாரையோடவா? நிறுத்தச் சொல்லும்வே! ... ஏன்னா... வெயிலு. உச்சி வெயில்ல செடியப் பிடுங்கப்படாது, பாவம். ... உம்ம செடிக்கு என்ன கொறச்சல்? ... ஆடா? ஆடுன்னு டிரைவர்தான் சொன்னான்.

... யாரு? வாத்தியாரு அங்கயா நிக்காரு? அவர யாரு கூப்பிட்டா? ... என் தங்கச்சியா? தங்கபுஷ்பமா?

வேண்டாம், அவகிட்டப் போனக் குடுக்காதேயும், எனக்கு வேலை கெடக்கு...

... ஏட்டி தங்கம். நல்லா இருக்கியா? ... எதுக்குச் சிரிக்கே? ... என் ஃபிளாட்டுல பால் காய்ச்சுன அன்னைக்கேவா? கயித்துக்குள்ள கைய விட்டுக் கிள்ளிப் பாத்தியா? பின்ன ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் உன் புருசன ஏசி முடிக்கட்டும்னா காத்துக் கெடந்தே?

... கடப்பாரை பிடுங்க இல்லையா? குழி தோண்டவா? எதுக்குக் குழி?

... பலகை நடவா.

... செடி அப்படியே இருக்கட்டும், பலகை மட்டும் எழுதித் தாங்கன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிட்டியா? என் பலகையில இருக்க அதே பேரா?

ஏட்டி, சிரிக்காத. மேனேஜர் அங்க வரும்போது அவர் முன்னால சிரிச்சிராத, தங்கம். அண்ணன் மானம் போயிரும்... யாரது பக்கத்துல? மாப்ளயும் சேந்து சிரிக்காரா? ... ஏட்டி, வச்சிராத... ஹலோ... ஹலோ?