ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர்

தண்ணீர் எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டு, அடுத்தவர் பாட்டிலைப் பார்த்துச் சப்புக்கொட்டும் முட்டாள் நான். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் மடியில் வைத்திருந்த பாட்டிலில் பால் சேர்க்காத டீ இருப்பதாகவே நினைத்தேன், பக்கத்திலிருந்த தன் அக்கா புருஷனிடம் அவள் பேச ஆரம்பிக்கும் வரை.

"உன் மாட்டுச் சாணிதான் பாவா இது. மேட்டுல குவிச்சி வச்சிகினு கீற. மழைக்கு வழிஞ்சி எங்க கெணத்துல எறங்குது."

"எருவ வேற எங்க கொட்டறது? மழ நிக்கட்டும், நெலத்துக்கு அடிச்சிடறேன்."

"கொயந்தைக்கு ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏறிகினு கீது. மழ நிக்கற வரைக்கும் தாங்குமா?"

"எல்லாத்துக்கும் என் மாடுதானா? தண்ணி நல்லாத்தாம்மா கீது."

அவள் மூடியைத் திறந்து நீட்டினாள். "அப்ப ஒரு வாய் குடி."

அடுத்த நிறுத்தம் வரும்வரை பாட்டில் நீட்டியபடியே இருந்தது. அவர் தொடவில்லை.

"நாளைக்கே எருவ கெணத்துக்குக் கீழ்ப்பக்கம் மாத்தி, சுத்தி கரை போட்டு, தார்ப்பாய் மூடிடறேன்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

சும்மா இருக்கத் தெரியாத நான் பின்னாலிருந்து கேட்டுவிட்டேன்: "கிணறு தெளியற வரைக்கும் எதம்மா குடிப்பீங்க?"

"இதத்தான்."