மூக்கில் ஒரு சுற்று டேப்

ராக்கெட் கட்டுவதில் கஷ்டமான வேலை சும்மா இருப்பதுதான், ஐயா. இறக்கையை ஒட்டிவிட்டுப் பசை காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவசரக்காரன் தொட்டால் இறக்கை கோணிப்போகும். நான் தொடமாட்டேன். மாட்டுப்பட்டியில் காலமெல்லாம் சாணி தள்ளியவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடுகிறது.

நீங்கள் டெல்பர்ட்டை விசாரித்தீர்கள். எங்கள் ராக்கெட் சங்கத்துத் தலைவர் லயலை விசாரித்தீர்கள். என்னை மட்டும் கேட்கவில்லை. விழுந்தது இவன் கட்டிய ராக்கெட், ஏற்கெனவே மனசு நொறுங்கிக் கிடப்பான் என்று விட்டுவிட்டீர்கள். நல்ல மனசு. அதனால்தான் நானாகவே வந்தேன்.

கடையில் வாங்கும் ராக்கெட் பெட்டியில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். அட்டைக் குழாய், இறக்கைக்கு மெல்லிய பலகை, பிளாஸ்டிக் மூக்கு, பாராசூட், அதைக் கட்ட ரப்பர் நாடா. அடியில் வெடிமருந்துக் குழல். மேலே போய் மருந்து தீர்ந்ததும் உள்ளே ஒரு சின்ன வெடி வெடிக்கும். அந்தக் காற்று மூக்கைத் தள்ளும், பாராசூட் வெளியே வந்து விரியும். மூக்கு தளர்வாக இருந்தால் ஏறும்போதே கழன்றுவிடும். இறுகியிருந்தால் கழலவே கழலாது. அதற்காகத்தான் காகித டேப்பைச் சுற்றி அளவு பார்ப்போம். இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும், அதுதான் கணக்கு.

நெப்ராஸ்காவில் எங்கள் சங்கம் பறக்கவிடுவது லயலின் அறுத்த கோதுமை வயலில். அங்கே ஆரஞ்சு நிற வெஸ்ட், அதாவது கையில்லாத மேற்சட்டை, போட்டவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு ராக்கெட்டையும் அவரிடம் காட்ட வேண்டும். அவர் மூக்கை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் பறக்கும். தலையாட்டிவிட்டால் அதற்கப்புறம் அந்த ராக்கெட் கட்டியவனுடையது அல்ல, வெஸ்ட் போட்டவருடையது. விழுந்தால் அவர் பொறுப்பு. எழுதாத சட்டம், யாரும் மீறியதில்லை.

அந்த வெஸ்ட் ரொம்பக் காலம் என்னிடம் இருந்தது. வாரமெல்லாம் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஐயா. சனிக்கிழமை மட்டும் ஒரு வரிசையே நின்று, "ஓரின், இது சரியா இருக்கா?" என்று கேட்கும். அது ஒரு சுகம். குடிக்கிறவனுக்குக் குடி எப்படியோ, எனக்கு அது.

போன இலையுதிர்காலத்தில் அதை வாங்கிக்கொண்டார்கள். இரவு வேலை முடித்து நேராக வயலுக்குப் போவேன். ஒருநாள் கண் சொருகிவிட்டது.

"நின்னுக்கிட்டே தூங்குறியேய்யா," என்றான் லயல். "குதிரைதான் அப்படித் தூங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெஸ்ட் டெல்பர்ட்டுக்குப் போனது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச்சுக்காத ஓரின். நீ வீட்ல நல்லாத் தூங்கி எந்திரிச்சு மெதுவா வா," என்றான். அன்பாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

குளிர்காலம் முழுக்க ஒரே ராக்கெட்டைக் கட்டினேன். என் நெஞ்சுயரம். மூக்குக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டுப் பசை ஊற்றினேன். கனமான மூக்கு இருந்தால் நேராகப் பறக்கும், அதில் தப்பில்லை. பிறகு மூக்கின் அடிப்பாகத்தில் டேப் சுற்றினேன். இரண்டு விரலால் இழுத்தேன், வந்தது. அதற்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றி, முழங்காலில் வைத்து அழுத்தினேன். இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை.

டெல்பர்ட் ஒரு ராக்கெட்டை விழவிட்டால் வெஸ்ட் கைமாறும். நினைத்தது அவ்வளவுதான்.

ராக்கெட் விழுந்த அன்று காலையில் அதை அவன் மேசைக்குக் கொண்டுபோனேன்.

"அடேயப்பா, இது ராக்கெட்டா, சர்ச் கோபுரமா?"

"உனக்குச் சவப்பெட்டி செஞ்சேன். மிச்ச அட்டையில இது."

விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் அவன் மனைவி மேக்சின் மடியில் தட்டை வைத்து ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சது போதும், வேலையப் பாரு," என்றாள் அவனிடம். என்னிடம் ஒரு துண்டை நீட்டினாள். "இந்தா கிழவா, ஓரம் கருகின துண்டு. உனக்குன்னு எடுத்து வெச்சேன். வேற யாரு திம்பா இத?"

வாங்கித் தின்றேன். கருகின ஓரம் எனக்குப் பிடிக்கும் என்பது உண்மைதான்.

டெல்பர்ட்டின் கை மூக்குவரை போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

"உன் ராக்கெட்ட நான் இழுத்துப் பாக்குறதா? ஊரே சிரிக்கும், போ," என்று தலையாட்டினான்.

அவன் இழுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் என்மேல் வைத்திருந்த மரியாதையின் அளவும் டேப்பின் அளவைப் போலத்தான், நான் பார்த்துவைத்திருந்தேன்.

எண்ணினோம், பறந்தது. அவ்வளவு நேராக எங்கள் வயலில் ஒன்றும் ஏறியதில்லை. உச்சியில் தொப்பென்று ஒரு சத்தம். மூக்கு கழலவில்லை. தலைகீழாகத் திரும்பியது.

பாராசூட் விரியாவிட்டால் "மேல பாரு" என்று கத்த வேண்டும். முதலில் கத்த வேண்டியது வெஸ்ட் போட்டவர். அவர் கத்தாவிட்டால் பார்த்தவர் யாரானாலும் கத்தலாம். டெல்பர்ட் குனிந்து அடுத்த ராக்கெட்டின் மூக்கை இழுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பாராசூட்டை எதிர்பார்த்து வேறு பக்கம் பார்த்தார்கள். அது எங்கே வருகிறது என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். டெல்பர்ட் கத்தவில்லை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. நான் கத்தினால் அது தெரியாமல் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

மேக்சின் குனிந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராக்கெட் இறங்கியது அவள் தலையில்தான். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டாள்.

டெல்பர்ட் இப்போது சாப்பிடுவதில்லை. "நான் இழுக்கல, நான் இழுக்கல" என்பதைத் தவிர அவன் வாயில் பேச்சில்லை. நேற்று என் வீட்டுக்கு வந்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பில்ல ஓரின். நீ மனசுல வெச்சுக்காத," என்று அழுதான். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவனை நீங்கள் கைது செய்யக்கூடும் என்று லயல் சொல்கிறான். அந்த வெஸ்ட்டையும் லயல் என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமில்லை.

டேப்பை நீங்களும் பார்த்தீர்கள், கிழவனின் கவனக்குறைவு என்று விட்டுவிட்டீர்கள். கம்பியை யாரும் பார்க்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பாராசூட் விரிந்தால் ராக்கெட் காற்றோடு போகும். விரியாவிட்டால் காற்றை எதிர்த்து வந்து விழும். நாங்கள் உட்காருவது காற்று வருகிற பக்கம். அதனால் ராக்கெட் ஏறும் கம்பியை எப்போதும் எங்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்போம். அன்று நான் அதை நிமிர்த்திவிட்டேன். வயலின் கடைசியில் போய் விழுந்தால் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள், ஐயா. எல்லோரும் பார்க்கிற இடத்தில் விழ வேண்டியிருந்தது. நாற்காலிகளை அங்கே போட்டது நான் இல்லை.