வேலியோரத்துக் கல்யாண முருங்கை

இதை எழுதலாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும், பழைய வீடு, வேலி இடிக்கும் மேஸ்திரியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வேலிய எடுக்கச் சொன்னா என் கல்யாணத்தையே புடுங்கிட்டியே மேஸ்திரி.”

“இன்னாம்மா சொல்றீங்க? மொத்த வேலியும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அந்தக் கல்யாண முருங்கை எங்க கல்யாணப் பந்தல்ல வெச்ச அரசாணிக்கால். அப்புறம் அவரு வேலியோரம் நட்டாரு, துளுத்துக்குச்சி. சொல்லாம வுட்டது என் தப்புதான்.”

“எல்லாம் கம்பம்னு மிஷின வுட்டுட்டேம்மா. ஒரு கொம்பு இன்னும் பச்சையா கெடக்குது. நானே நட்டுத் தர்றேன், துளுத்துக்கும்.”

“துளுக்கும்பா. அன்னிக்கு நான் தண்ணி ஊத்த ஊத்த மண்ணு தள்ளுன அவரு கைதான் இப்ப இல்ல.”

மேஸ்திரி தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வேலி எடுக்கப்போகிறவர்களிடம் இதைக் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.