கல்லுல குறையில்ல

வேணாம் தம்பி, புதுக் கல்லு எடுக்காதீங்க. நான் கல்லு வாங்க வரல. சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வருவாரு. தொட்டில இருக்குற மீனு, உசுருப் பவளம், மோட்டாரு எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கோங்கம்பாரு. நீங்க எடுத்துக்கக் கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன்.

ஆமா, அவரேதான். உப்புத்தண்ணித் தொட்டிக்காரர். டெஸ்ட் குழாயத் தூக்கிட்டு வந்து நைட்ரேட்டு ஏறிடுச்சு, ஏறிடுச்சுன்னு உங்க உயிர வாங்குவாரே, அவர் சம்சாரம். இங்க வந்தா நல்லாப் பேசுவாரா? சிரிக்கக்கூட செய்வாரா? அப்படியா. வீட்ல அத நான் பாத்து நாளாச்சு.

கம்பெனில ஆள் குறைச்சாங்க, அதுல இவரும் போயிட்டாரு. அன்னைலேர்ந்து சுவரப் பாத்துப் படுத்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டா பசிக்கலம்பாரு. என் தம்பி ஒரு வேலை இருக்குன்னு சொல்ல வந்தான், போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு. எனக்கு மானமே போச்சு. ஆனா பவளம் சுருங்குதுங்கன்னு மட்டும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எழுந்துடுவாரு. டெஸ்ட் பண்ணுவாரு, குழாய் செவசெவன்னு ஆகும். உடனே உப்பு கரைச்சு, பாதித் தண்ணிய மாத்தி, குளிச்சு, சவரம் பண்ணி, உங்க கடைக்குக் கிளம்பிடுவாரு. அன்னிக்கு முழுக்க மனுஷன் மனுஷனா இருப்பாரு. என்னைக் கூப்பிட்டு நிக்கவச்சு விளக்குவாரு. மீனோட கழிவுதான் கடைசில நைட்ரேட்டா மாறுதாம், இந்த ஓட்டைக் கல்லுக்குள்ள குடியிருக்குற பாக்டீரியா அதத் தின்னுதாம். எனக்கு வேற வேலையே இல்லாத மாதிரி. ஆனாலும் கேட்டுட்டே நிப்பேன்.

நேத்து மஞ்சள் மீனு செத்து மிதந்துச்சு தம்பி. அத உள்ளங்கைல வச்சுக்கிட்டு, நான் தொட்டா எதுவும் பிழைக்காதுடின்னாரு. அழல. அழுதிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அதனால நீங்க ஒண்ணு சொல்லணும். அவர் மேல தப்பில்ல, கல்லுதான் மட்டம்னு. ஐயோ, கோவிச்சுக்காதீங்க. உங்க கடைக்குக் கெட்ட பேருதான், தெரியுது. மத்தவங்க தொட்டில எல்லாம் இதே கல்லு நல்லா வேலை செய்யுது, இவருக்கு மட்டும் ஏன் நைட்ரேட்டு இறங்க மாட்டேங்குதுன்னு நீங்களும் மண்டையப் பிச்சுக்கிட்டீங்கதானே. ம்.

வெந்நீர் பட்டா அந்த பாக்டீரியா செத்துடும்ல?

சேச்சே, அவர் ஊத்துவாரா? தொட்டித் தண்ணியவே மொண்டு, அதுல பூ மாதிரி அலசுவாரு. நான்தான். மொத தடவை தெரியாமத்தான் செஞ்சேன். தொட்டிக்குக் கீழ இருக்குற வடிகட்டிப் பெட்டியத் துடைக்கறப்போ, இந்தக் கல்லப் போட்டு வச்சிருக்குற வலைப்பை கொழகொழன்னு கைல பட்டுச்சு. பாத்திரம் கழுவுற எடத்துல போட்டு, வெந்நீர் விட்டுத் தேச்சு, பளிச்சுன்னு திரும்ப வச்சேன். நல்லது பண்ணதா நெனப்பு. கொஞ்ச நாள்ல பவளம் சுருங்குச்சு. போய்ச் சொன்னேன். அன்னிக்குத்தான் மொத மொதல்ல படுக்கைய விட்டு எழுந்து வந்தாரு.

அவர் விளக்கினப்போதான் நான் செஞ்சது என்னன்னே எனக்குப் புரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. மறுபடி அவர் சுவரப் பாத்துப் படுத்தாரு, நான் மறுபடி வெந்நீர் வச்சேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு.

அப்படிப் பாக்காதீங்க தம்பி, உடம்பெல்லாம் கூசுது. மீனுக்கும் உசுரு இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

உங்கள பொய் சொல்லச் சொன்னது தப்புதான். நீங்க சொல்ல வேணாம், நானே அவர்கிட்ட சொல்றேன். சொல்லலன்னா தன் கைதான் விளங்காத கைன்னு நம்பியே போயிடுவாரு. வாய்தான் வர மாட்டேங்குது. ஒரு நாள் பொறுத்துக்கோங்க, இன்னிக்கு மட்டும் மீன வாங்கிக்காதீங்க. அதுவும் போயிட்டா, நாளைக்குக் காலைல அவர எதச் சொல்லி எழுப்புவேன்?