கழுவாமல் விட்ட தங்கம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நான் உட்காருவதில்லை, மேடம். உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் நாற்காலி காட்டியும் நின்றுகொண்டே பேசுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் லக்ஷ்மிகாந்த். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தங்கத்தோடு வேலை. நகைத் தங்கம் இல்லை. கண்ணுக்கே தெரியாத நுண்துகளாகத் தங்கத்தை ஒரு உலோக ஆக்சைடின் மேல் படிய வைப்போம். கார்பன் மோனாக்சைடு விஷவாயு அந்தப் பொடி வழியாகப் போனால் ஆபத்தில்லாத வாயுவாக மாறிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிட்டால் போச்சு. அப்புறம் அது வெறும் தங்கம், ஒரு வேலையும் செய்யாது.

நான் சீரியம் ஆக்சைடை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தேன். சூடாக்கினால்தான் என் பொடி வேலை செய்யும். முசிறியிலிருந்து யமுனா என்ற பெண் எனக்கு ஜூனியராக வந்து சேர்ந்தாள். இரும்பு ஆக்சைடில் செய்தாள். அவள் பொடி சாதாரண அறைச் சூட்டிலேயே வேலை செய்தது. இரும்பை உருக்கி வார்க்கிற வார்ப்பாலைத் தொழிலாளர்களுக்கு அதை வைத்து முகமூடி செய்யலாம் என்று முடிவானது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவளுக்குத் தலைக்கனம் கிடையாது. "எல்லாம் லக்ஷ்மி சார்கிட்ட கத்துக்கிட்டதுதாங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வாள். கேட்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தேன். "ஏன்னா, என்ன இது, செத்த நேரம் ஓரிடத்துல உக்காருங்கோளேன்" என்பாள் என் மனைவி வத்ஸலா. முடியவில்லை.

முகமூடிக்கான பொடி தயாரானபோது யமுனாவின் அம்மா வழுக்கி விழுந்துவிட்டதாக போன் வந்தது. ஊருக்குக் கிளம்பினாள். கடைசியாகக் கழுவுகிற வேலை மட்டும் பாக்கி. பொடி செய்யப் பயன்படுத்துகிற தங்க உப்பில் குளோரைடு இருக்கும். அது மிச்சமிருந்தால், சூளையில் வைக்கும்போது துகள்கள் திரண்டுவிடும். கழுவிய தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும்.

"பால் மாதிரி வந்துச்சுன்னா இன்னொரு தடவை கழுவிடுங்க சார். உங்களுக்குப் போய் நான் சொல்றேன் பாருங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கழுவினேன். சொட்டு விட்டேன். பால் மாதிரி வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். அவ்வளவுதான். நிறுத்துவதை ஒரு செயல் என்று சொல்ல முடியுமா?

நீங்கள் இன்னும் பேனாவை மூடவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். கேன்டீனிலிருந்து உப்பும் எடுத்துவந்து கரைத்து ஊற்றினேன்; சாப்பாட்டு உப்பிலும் இருப்பது அதே குளோரைடுதான். பிறகு சூளையில் வைத்து, முகமூடியில் காற்றை வடிகட்டுகிற டப்பாவில் நானே அடைத்தேன். பரிசோதனைக்கு மட்டும் அவள் முன்பு செய்துவைத்திருந்த நல்ல பொடியைக் கொடுத்தேன். முடிவு பிரமாதமாக வந்தது. ஊரிலிருந்து திரும்பியவள் எனக்கு நன்றி சொன்னாள்.

திருவெறும்பூர் பக்கம் ஒரு தனியார் வார்ப்பாலை. உலைக்குப் பின்னால் வாயு தங்குகிற அறை ஒன்று இருக்கிறது. அங்கே ஃபோர்மேன் அழகிரி, ஐம்பதைத் தாண்டியவர், முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போவதாக ஏற்பாடு. அவர் மாட்டிக்கொள்ளப் போனார். யமுனா கையை நீட்டினாள்.

"அண்ணே, குடுங்க. நான் செஞ்சது. முதல்ல நான் போட்டுப் பார்த்துட்டு உங்களுக்குத் தரேன்."

"உள்ள ஒரே கரியா இருக்கும்மா, உனக்கு எதுக்கு?"

அவள் கேட்கவில்லை. அப்போதே நான் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மறுமுனையை என் கையில் கொடுத்தாள். "ரெண்டு தடவை இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம் சார்."

உள்ளே போனதும் அவள் கையிலிருந்த வாயு அளக்கும் கருவி அலறியது. முகமூடிக்கு வெளியே, அறைக் காற்றில் வாயு இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அது இருக்கும் என்று தெரிந்துதானே போயிருக்கிறோம். யாரும் பதறவில்லை. கயிறு இரண்டு தடவை இழுபட்டது. கொஞ்சம் கழித்து மறுபடி இரண்டு தடவை. அப்புறம் ஒரே ஒரு தடவை, மெதுவாக. ஒரு தடவை இழுத்தால் என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசிவைக்கவில்லை. அதை யோசித்துக்கொண்டு நின்றேன். விசித்திரம் பாருங்கள், அப்போது என் கால் ஆடவே இல்லை.

"என்ன சார் பார்த்துட்டு நிக்கிறீங்க, இழுங்க" என்று அழகிரி என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார். அவர்தான் இழுத்து வெளியே போட்டார். முகமூடியைக் கழற்றியபோது அவள் கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. அந்த வாயு ரத்தத்தில் கலந்தால் அப்படித்தான் ஆகும். புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே போவதற்குள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அழகிரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் போட வேண்டியத அது வாங்கிப் போட்டுக்கிச்சே சார்."

அவர் சொன்னது சரி. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதும் அதுதான். யமுனாமேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. அவள் பொடி தோற்றுப்போவதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு உயிரை எடுக்கிற எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை, மேடம். உள்ளே போகப்போவது அழகிரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.