பள்ளத்தில் வாசிக்க ஒரு கிளாரினெட்

கும்பகோணத்திலிருந்து நன்னிலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“குழிக்குள்ள உக்காந்து வாசிக்கப்போறவருக்கு எந்தக் கிளாரினெட்டா இருந்தா என்னங்க?” என்று அந்த அம்மாள் கேட்டதும் நான் செல்போனை மடியில் வைத்துவிட்டேன்.

“இசை நாடகத்துல வாத்தியக்காரங்க மேடைக்கு முன்னாடி பள்ளத்துலதான் உக்காருவாங்க.”

“ஊர்ல எல்லாரும் மேடை ஏற வாசிக்கிறாங்க. நீங்க பள்ளத்துல இறங்க வாசிச்சிருக்கீங்க.”

“அசுரன் வர்ற இடத்துல அடிக்குரல் வேணும். பேஸ் கிளாரினெட்டுலதான் அது வரும். கிடைக்கலைன்னா கீபோர்டை வச்சுக்கிறேன், நீங்க வரவேணாம்னு டைரக்டர் சொல்லிட்டாரு.”

“தஞ்சாவூர்க் கடைக்காரர் ஒரு நாதஸ்வரத்தை எடுத்து நீட்டினாரே, அதையே வாங்கியிருக்கலாம். அசுரனுக்குக் கல்யாணம்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க.”

“நன்னிலத்து பாய் துபாய்ல பேண்டுல வாசிச்சவரு. அவர்கிட்ட ஒண்ணு இருக்காம்.”

“இருக்கும், இருக்கும். ஒட்டகமும் இருக்கான்னு கேளுங்க.”

அப்போது அந்த பாயே போன் செய்தார். கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, தொடச்சு வச்சுட்டேன். சத்தம் சரியா இருக்கான்னு கேளுங்க.”

போனிலிருந்து கனத்த, ஆழமான ஒரு சுரம் எழுந்து நீண்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கணவர் கண்களை மூடிக்கொண்டார். போன் அடங்கியதும் அந்த அம்மாள் மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பிறகு எழுந்து நின்று குரல் கொடுத்தார்.

“டிரைவர் தம்பி, வயல்ல நிக்கிற கொக்குகூட நம்மளத் தாண்டிப் போயிடும்போல. அந்தக் கிளாரினெட்டை வேற யாராவது தூக்கிட்டுப் போறதுக்குள்ள ஓட்டுங்க!”